டைரக்டர் இல்லாத ஒண்ணரை மணி நேரம்

ஃபோனைக் கூடையில போட்டு பன்னெண்டு நிமிஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள மங்கையர்க்கரசியோட வலது கை மூணு தடவை ஹேண்ட்பேக்குக்குள்ள போயி வெறுங்கையா திரும்பிடுச்சு. கைக்கு இன்னும் விஷயம் தெரியல. ஆளு தெரிஞ்சுதான் போட்டா, பதினேழாம் நம்பர் டோக்கன் வாங்கிக்கிட்டா, சிரிச்சுக்கிட்டேதான் வாங்குனா, ஆனா கை மட்டும் இன்னும் மதுரையிலேயே கிடக்கு. இங்க சென்னையில, கிண்டி ஓட்டல் ஒண்ணுல, கம்பளி போத்திக்கலாம்னு தோணுற ஏசி ஹால்ல இருபத்திரெண்டு டாக்டருங்க உக்காந்திருக்காங்க. எல்லாரும் டைரக்டருங்க. கிட்னி, லிவர், இருதயம் மாத்தி வைக்கிற ப்ரோகிராமுக்கெல்லாம் ஆளுக்கொரு ஊர்ல தலைமை. ஒருத்தர் உடம்புல இருந்து எடுத்து இன்னொருத்தர் உடம்புல வச்சு ஓடவிடுற ஆளுங்க, தன் கையில இருந்து ஃபோனை எடுக்கறதுக்குள்ள அத்தனை பேருக்கும் மூச்சு வாங்கிருச்சு. ரகோத்தமன்தான் இந்த வேலையைப் பண்ணது. மேலாண்மைக் கல்லூரி வாத்தியார், மூணு நாள் பயிற்சிக்கு அவர்தான் எல்லாம், பேனாவ டக்கு டக்குன்னு அமுக்கிக்கிட்டே பேசுவாரு, எதுக்கெடுத்தாலும் 'ஆக, நண்பர்களே'. சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணிக்கு, பழம் வச்சிருந்த மூங்கில் கூடையைக் காலி பண்ணி எடுத்துக்கிட்டு வந்தாரு. "ஆக, நண்பர்களே, நீங்க இல்லாம உங்க ப்ரோகிராம் ஒண்ணரை மணி நேரம் ஓடுதான்னு பார்த்துருவோம். மூணரைக்குத் திருப்பித் தருவேன். எத்தனை கால் வந்திருக்குன்னு ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு சொல்லணும்." பக்கத்து நாற்காலி கோயம்புத்தூர்க்காரர், லிவர் சர்ஜன், பழனிவேலப்பன்னு பேரு, ஆறடி ஆளு, கூடைக்குப் பக்கத்துல போயி சின்னப்புள்ளை மாதிரி நின்னுக்கிட்டு, ஒரே ஒரு காலு மட்டும் பார்த்துட்டு குடுத்தர்றனுங்கன்னு கெஞ்சுனாரு. உங்க ஊர்ல உங்களைத் தவிர டாக்டரே கிடையாதுங்களான்னு ரகோத்தமன் கேட்டாரு பாருங்க, ஹாலே சிரிச்சுது. அதுல பலமா சிரிச்சது மங்கைதான். சிரிச்சதோட விட்டாளா, சிரிப்பு அடங்கற வரைக்கும் காத்திருந்து, சரியா அந்த அமைதியில, பழனிவேலப்பன் குரல்லயே, 'டோக்கனையாவது கையில வச்சுக்கட்டுங்களா'ன்னு விட்டா ஒண்ணு. மறுபடியும் ஹால் குலுங்குச்சு. அந்த மனுஷனும் சேர்ந்து சிரிச்சாரு, பாவம்.

அவளுக்கு அது பழக்கம். யாரு பேசுனாலும் ரெண்டாவது வாக்கியத்துல அவங்க குரல் இவ தொண்டைக்குள்ள வந்து உக்காந்துக்கும். இப்பவும் ரகோத்தமன் திரையில கட்டம் கட்டமா போட்டு, மேல இருக்கறது நீங்க, கீழ இருக்கறது உங்க குழு, கோடு இப்படி இறங்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கையில, உள்ளுக்குள்ள அவ அவரோட சேர்ந்தே பேசிக்கிட்டிருந்தா, ஆக நண்பர்களே, டக்கு, கோடு இறங்கணும், டக்கு. கோடு எங்க இறங்குச்சு நம்ம ஊர்ல. எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷம், எம்டி மூணு, டிஎம் மூணு, பதினொன்னரை வருஷம் படிச்சதுல ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், சர்ஜனும் மயக்க டாக்டரும் ஆபரேஷன் தியேட்டருக்காக அடிச்சுக்கிட்டா நடுவுல எப்படி நிக்கணும்னு எழுதியிருந்தானா? இல்லையே. டைரக்டர் நாற்காலியில உக்காந்த முதல் நாள் அவளைத் தேடி வந்த முதல் பிரச்சினை கிட்னி இல்ல, டயாலிசிஸ் வார்டு பாத்ரூம் கதவு. தாப்பாள் இல்ல. அதுக்கு யார்கிட்ட எழுதணும்னு தெரியாம ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா, கிட்னிக்குள்ள பத்து லட்சம் வடிகட்டி இருக்குன்னு தூக்கத்துல சொல்லுவா, தாப்பாளுக்கு யாருன்னு தெரியல. அப்ப உள்ள வந்தவதான் ஜெபசீலி. நாசரேத்துக்காரி, சமூகப்பணி படிச்சவ, ஒருங்கிணைப்பாளர்னு பதவி. உறுப்பு கொடுக்கற குடும்பத்துக்கிட்ட பேசறது, எந்த உறுப்பு எந்த ஆஸ்பத்திரிக்குன்னு பிரிச்சுக் கொடுக்கற மேலிடத்துல இருந்து ஃபோன் வந்தா எடுக்கறது, ஆம்புலன்ஸுக்குச் சொல்றது எல்லாம் அவதான். மேடம், நீங்க எழுதாதீங்க, எழுதுனா ஃபைலு போவும், ஃபைலு போனா கதவே போயிரும்னு சொல்லிட்டு, தச்சரைக் கூப்பிட்டு நின்னே மாட்ட வச்சா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் கொடுத்தா, சொல்லிக் கொடுக்கற மாதிரியே இல்லாம. சர்ஜன் கத்துனா உடனே பதில் சொல்லாதீங்க மேடம், தண்ணி வேணுமான்னு கேளுங்க, குடிச்சு முடிக்கையில பாதி கோவம் உள்ள போயிரும். மீட்டிங்கு வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் தனியா பார்த்துருங்க, மீட்டிங்கு சும்மா டீ குடிக்கத்தான். இதையெல்லாம் ரகோத்தமன் நேத்து இருபத்தாறு ஸ்லைடுல சொன்னாரு. மங்கைக்கு அவர் மேல கோவமே வரல, பிரியம்தான் வந்துச்சு, ஜெபசீலி சொன்னதுக்கெல்லாம் ஒரு பேரு இருக்குன்னு நேத்துத்தானே தெரிஞ்சுது, அவகிட்ட போயி சொல்லணும், நீ பண்றதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா ஜெபா, பேரு தெரியாமலே பண்ணிக்கிட்டிருக்க. நம்மளை நாலு பேரு சேர்ந்து டைரக்டராக்கி வச்சிருக்காங்க, அதுல ஒருத்தருக்கும் சர்டிபிகேட் கிடையாது, இந்த மூணு நாள் முடிஞ்சா சர்டிபிகேட் நமக்குத்தான்.

சோலைமலைக்கும் ஒண்ணு கொடுக்கணும். மேலூர் பக்கம் ஆளு, அரசு பஸ் கண்டக்டரா இருந்தவர், ஆறு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். மெஷினைப் போட்டதும் நர்ஸைப் பார்த்து "ரைட், போலாம்"ம்பாரு. நாலு மணி நேரம் ஓடும், சரியா ஒரு தின்னவேலி ட்ரிப்பும்மான்னு சொல்லுவாரு, கண்ணை மூடிக்கிட்டு ஊரு ஊரா இறங்கச் சொல்லுவாரு, விருதுநகர்லாம் எந்திரி, கோவில்பட்டி கடலைமுட்டாய் வாங்கறவன் வாங்கிக்க. பக்கத்து பெட்ல இருக்கறவங்க வாந்தி எடுக்கறதை மறந்து சிரிப்பாங்க. மங்கை அவர் குரல்ல பேசி நர்ஸுங்களைச் சிரிக்க வைப்பா, அதை அவரே ஒரு நாள் கேட்டுட்டு, டாக்டரம்மா, விசில் சத்தம் சரியில்ல, உதட்டை இன்னும் மடிக்கணும்னு திருத்துனாரு. ரெண்டு தடவை அவரைக் கூப்பிட்டு திருப்பி அனுப்பியிருக்கு. முதல் தடவை லிஸ்ட்ல ரெண்டாவது ஆளு, முதல் ஆளுக்கே பொருந்திடுச்சு. அடுத்த தடவை இவர்தான் முதல், வந்து படுத்ததும் நூத்தியொண்ணு காய்ச்சல். அன்னிக்கு வீட்டுக்குப் போகும்போது அவர் ஒண்ணும் சொல்லல, அந்த ஒண்ணும் சொல்லாததுதான் இவளுக்கு இன்னும் காதுல இருக்கு, அதை மட்டும் அவளால மிமிக்ரி பண்ண முடியல. இப்ப மூணாவது தடவை. பத்து மணி டீ பிரேக்ல ஜெபசீலி கூப்பிட்டா. திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரி, நாப்பத்தொரு வயசு ஆம்பளை, பைக்கு, தலையில அடி, பி பாசிட்டிவ், சோலைமலையோட அதே ரத்தக் குரூப்பு. மூளை செயல்பாடு நின்னுடுச்சான்னு பார்க்கற முதல் சோதனை முடிஞ்சிருச்சு, ஆறு மணி நேரம் விட்டு ரெண்டாவது, வீட்டம்மா சரின்னுட்டாங்களாம். வீட்டம்மா சரின்னுட்டாங்க. இந்த ரெண்டு வார்த்தைக்குள்ள என்ன இருக்குன்னு இந்த இருபத்திரெண்டு பேருக்கும் தெரியும், தெரிஞ்சும் பேசமாட்டாங்க. பேரைக் கேட்கக்கூடாது, கேட்க மாட்டா, ஆனா எங்கயோ ஐசியு வாசல்ல ஸ்டீல் நாற்காலியில ஒரு பொம்பளை, நேத்து வரைக்கும் ரசத்துக்கு உப்பு போதலன்னு சொன்ன மனுஷன் உள்ள மெஷின்ல மூச்சு விட்டுக்கிட்டிருக்கான், கை சூடா இருக்கு, அந்தச் சூட்டைப் பிடிச்சுக்கிட்டே அவ சரின்னு சொல்லியிருக்கா. நம்ம ப்ரோகிராம், நம்ம பதவி, இந்தக் கட்டம், கோடு, ஏசி, மத்தியானம் சாப்பிட்ட பட்டர் நான் எல்லாம் அந்தப் பொம்பளையோட ஒத்தைச் சொல்லு மேல நிக்குது, கீழ இறங்கற கோட்டை வரைஞ்சீங்களே சார், மேல எங்கிருந்து வருதுன்னு வரையலியே. அவளுக்கு நன்றி சொல்ல வழியே கிடையாது. சொல்லாத நன்றி உடம்புல எங்க போயி தங்கும்னு எந்தப் படிப்புலயும் சொல்லல. பத்து மணிக்குக் கேட்டது, ஆறு மணி நேரம், நாலு மணிக்கு ரெண்டாவது சோதனை, அஞ்சுக்கு மேலதான் மேலிடத்துல இருந்து கேப்பாங்க, கிட்னி வேணுமா வேண்டாமா, ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும்னு. மூணரைக்கு ஃபோன் கைக்கு வந்துரும். கணக்கு சரியா இருக்கு. அதான் சிரிச்சுக்கிட்டே கூடையில போட்டா.

"ஆக, நண்பர்களே," டக்கு, "நீங்க இல்லாதப்ப உங்க இடத்துல யாரு கையெழுத்து? பேப்பர் இருக்கா? இருக்கறவங்க கை தூக்குங்க." மங்கை கையைத் தூக்கிட்டா. தூக்குன கை பாதியில நின்னுச்சு. பேப்பர் இருக்கு. இருக்கு, அது இந்தா இந்த ஹேண்ட்பேக்குல இருக்கு. பதினோரு நாளா இருக்கு. நான் ஊர்ல இல்லாதப்ப டாக்டர் பீர்முகமது உறுப்பை ஏத்துக்கலாம், வேண்டாம்னும் சொல்லலாம்னு ஒரே பக்கம், ஜெபசீலி டைப் பண்ணி கொண்டாந்து வச்சா. கையெழுத்துதான் பாக்கி. 'தற்காலிகமாக'ங்கற வார்த்தை முதல் வரியில வரணுமா ரெண்டாவது வரியில வரணுமான்னு பென்சில்ல சுழிச்சு வச்சா, பார்த்துட்டு தர்றேன்னா. தூக்குன கையை முடிகோதுற மாதிரி இறக்கிக்கிட்டா. வார்த்தைக்காகவா பதினோரு நாள், யாருகிட்டடி கதை விடுற. பீர்முகமது நல்ல டாக்டர், முப்பத்தாறு வயசு, பேசவே மாட்டான், எதையும் அவகிட்ட கேக்காம செய்யமாட்டான், பாராசிட்டமால் எழுதறதுக்கும் வந்து கதவோரமா நிப்பான். அவன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. அந்த நாற்காலி மேலதான் பயம். அவளும் ஒரு காலத்துல அதே கதவோரம் நின்னவதான். அப்ப டைரக்டர் சந்தானகிருஷ்ணன் சார், மக கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிட்டாரு, அந்த ரெண்டு நாள்ல ஒரு கிட்னி வந்துச்சு. கொடுத்தவரோட ரத்தத்துல கிரியாட்டினின் ரெண்டுக்கு மேல, ஒண்ணுகிட்ட இருந்தாத்தான் கிட்னி நல்லாருக்குன்னு அர்த்தம். சார்கிட்ட ஃபோன் போட்டா நாதஸ்வரச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மங்கை வேண்டாம்னுட்டா. இன்னொரு ஆஸ்பத்திரியில எடுத்து இன்னொருத்தருக்கு வச்சாங்க, இன்னிக்கும் அது ஓடுதாம். இங்க காத்திருந்தவர் ஒரு பி.டி. வாத்தியார், கபடி கோச், மூணாம் மாசம் போயிட்டாரு. சார் கல்யாணத்துல இருந்து வந்து, விரல் நகத்துல மஞ்சள் இன்னும் ஒட்டியிருக்கு, அந்தக் கையால கேஸ் ஷீட்டை ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பார்த்துட்டு, கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "நானா இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், மங்கை" ன்னாரு. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் அவ மறுநாள் வேலைக்கு வந்தா, அதுக்கு மறுநாளும் வந்தா, வந்துக்கிட்டே இருந்தா. அவர் ரிட்டயர் ஆனப்புறம் பழைய பதிவேட்டைப் புரட்டையில பார்த்தா, அதை விட மோசமான கிட்னியை அந்த மனுஷன் மூணு தடவை வேணும்னு எழுதியிருக்காரு, அவர் கையெழுத்து, பச்சை மசி. பொய்யி. அவளுக்காக ஒரு பொய்யைச் சொல்லிட்டு, அதைப் பத்தி மறந்தே போயி, இப்ப ஸ்ரீரங்கத்துல பேரனுக்கு செஸ் சொல்லிக் கொடுக்கறாரு. அந்த மாதிரி பொய் சொல்ற தெம்பு நமக்கு வருமா, பீர் தப்பா ஒண்ணு முடிவெடுத்துட்டா அவன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா, முடியாதுன்னா அவனை முடிவெடுக்க விடாம இருக்கறதுதானே நல்லது, எல்லா முடிவையும் நாமளே, எல்லா தப்பையும் நாமளே, அப்படித்தானே அந்த பேப்பர் பையிலயே கிடக்கு. இந்தப் பயிற்சிக்கே ரெண்டு தடவை பேரு கொடுத்து ரெண்டு தடவையும் ஏதோ காரணம் சொல்லி ரத்து பண்ணவதானே.

சரி, நாலு மணிக்குத்தானே சோதனை, மூணரைக்கு ஃபோன் வந்ததும் நாமளே பேசிக்கலாம், யாரு கையெழுத்தும் வேண்டாம். நாலு மணிக்கு. பத்தும் ஆறும் பதினாறு. ஆனா ஜெபசீலி பத்து மணிக்கு முடிஞ்சிருச்சுன்னா சொன்னா? அவ குரல் இவ தொண்டைக்குள்ளதானே இருக்கு, ஓட விட்டுப் பார்த்தா, அப்படியே வருது, மேடம், அங்க ஒரு தகவலு, முதல் சோதனை எட்டுக்கே முடிஞ்சிட்டாம், நமக்கு இப்பத்தான் சொல்றாவ. எட்டுக்கே. இவ காதுக்கு வந்தது பத்து மணி. தனக்குத் தெரிஞ்ச நேரம்தான் அது நடந்த நேரம்னு எண்ணியிருக்கா. வேற யாரு பண்ணுவா இந்தத் தப்பை, ஒரு டைரக்டரைத் தவிர. எட்டும் ஆறும் பதினாலு. ரெண்டு மணி. அதாவது இவ கூடையில ஃபோனைப் போட்டுக்கிட்டிருந்தப்ப, அடுத்தவர் குரல்ல ஜோக்கடிச்சுக்கிட்டிருந்தப்ப, அங்க ரெண்டாவது சோதனை. சுவத்துல கடிகாரத்தைப் பார்த்தா, மூணு அடிக்க எட்டு நிமிஷம். இந்நேரம் கேட்டிருப்பாங்க. ஜெபசீலி கூப்பிட்டிருப்பா, கூடைக்குள்ள இருபத்திரெண்டு ஃபோனுக்கு நடுவுல ஒண்ணு நடுங்கிக்கிட்டு கிடந்திருக்கும். பீர் கதவோரமா நின்னுக்கிட்டிருப்பான், கதவுக்கு உள்ள ஆளு இல்லன்னு தெரியாம. மூணாவது தடவை. சோலைமலை மூணாவது தடவையும் வீட்டுக்குப் போவாரு, ஒண்ணும் சொல்லாம. எந்திரி. எந்திரிடி. கால் எந்திரிக்கல. ஏன்னு கேட்டா வெக்கமா இருக்கு, சொல்லவே வெக்கமா இருக்கு, சித்த முன்னாடி ஒரு ஆறடி மனுஷன் இதையே கேட்டதுக்கு ஹாலையே சிரிக்க வச்சவ, இப்ப நம்ம எந்திரிச்சா அவர் சிரிப்பாரே, ஒரு உயிரு அந்தப் பக்கம், ஒரு சிரிப்பு இந்தப் பக்கம், அதுலயும் ஒரு நிமிஷம் தராசு ஆடுச்சே, அது மாதிரி கேவலம் உண்டா. ஹேண்ட்பேக்கைத் திறந்தா, பேப்பரை எடுத்தா, ஓட்டல் பேனாவால பென்சில் சுழி மேலயே கையெழுத்துப் போட்டா, தேதி போட்டா. போட்டப்புறம்தான் உறைச்சுது, பேப்பர் கிண்டியில, ஆளு மதுரையில, அனுப்பறதுக்கு வேணுங்கற ஃபோன் கூடையில. பழனிவேலப்பன் எட்டிப் பார்த்தாரு. மங்கை எந்திரிச்சா. நாற்காலி கிறீச்சுன்னுச்சு, ரகோத்தமன் பேனா நின்னுச்சு. மன்னிச்சுக்கங்க சார், எங்க ஊர்ல ஒரு கிட்னி வந்திருக்கும், நான் நேரத்தைத் தப்பா எண்ணிட்டேன்னா. ஒருத்தரும் சிரிக்கல. கூடைக்குப் பக்கத்துல இருந்த பொண்ணைப் பார்த்து ரகோத்தமன் தலையை அசைச்சாரு. பழனிவேலப்பன் தன்னோட நீட்டின காலை மடக்கி வழி விட்டு, போங்க மேடம், சீக்கிரம் போங்கன்னாரு.

வெளிய வராண்டாவுல, யாரோ வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு ரோஜா கட்டிக்கிட்டிருந்த இடத்துல நின்னு, ஃபோனைத் திறந்தா. பதினாலு மிஸ்டு காலாவது இருக்கும்னு கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் பார்த்தா. ஒண்ணும் இல்ல. திரும்பவும் பார்த்தா. சிக்னல் இருக்கு, நாலு கோடும் இருக்கு. வீட்டுக்காரர் ஒரு மெசேஜ், குக்கர் வெயிட் எங்க. அவ்வளவுதான். ஒரு கால் கூட இல்ல. பதினாலு இருந்திருந்தா கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டா. கூப்பிடலைன்னா என்ன அர்த்தம், கேக்கவே இல்லையா, அந்த வீட்டம்மா மனசு மாறிட்டாங்களா, மாறுனா மாறட்டும், அவங்க உரிமை, அந்தப் பொம்பளை கையை விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கட்டும், இல்ல வேற யாருக்காவது கொடுத்துட்டாங்களா, இவ பேரு தவிர பேப்பர்ல பேரே இல்லன்னு மேலிடத்துல தாண்டிப் போயிட்டாங்களா. ஜெபசீலிக்குப் போட்டா. அடிச்சுது, அடிச்சுது, ஏழாவது தடவை எடுத்தா, பின்னாடி ஸ்ட்ரெச்சர் உருளற சத்தம்.

"மேடம், சொல்லுங்க. வேகமா சொல்லுங்க."

எப்பவும் இவ சொல்றதை இன்னிக்கு அவ சொல்றா. கிட்னி என்ன ஆச்சு ஜெபான்னா. வந்துட்டுல்லா, ரெண்டரைக்குக் கேட்டாவ, பதினோரு நிமிஷத்துல பீர் சார் சரின்னுட்டாரு, சோலைமலை அண்ணாச்சியக் காலையிலேயே வரச் சொல்லி, வந்து படுத்தாச்சு, காய்ச்சல் இல்ல, நாலு தடவை பார்த்தாச்சுன்னு மூச்சு விடாம சொன்னா. கிரியாட்டினின் எவ்வளவு. ரெண்டு புள்ளி ஒண்ணு மேடம், ஆனா இறங்கிக்கிட்டே வருதாம், பீர் சார் அங்க டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாரு, மூணாவது கேக்கல. தன்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்போம்னு மங்கை யோசிச்சா, சத்தியமா தெரியல. ரெண்டு புள்ளி ஒண்ணு. தெரியவே இல்ல. அப்புறம் டைரக்டர் புத்தி எந்திரிச்சு உக்காந்துச்சு. பீர் எப்படி சரின்னாரு, பேப்பர் எங்கிட்டல்ல இருக்கு, கையெழுத்து யாரு போட்டது.

ஜெபசீலி குரலைத் தணிச்சுக்கிட்டா.

"மேடம், கோவிச்சுக்கக்கூடாது. பதினோரு நாளா அது உங்க பைக்குள்ள இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா. வியாழக்கிழமையே பீர் சார் நம்ம ஆஸ்பத்திரி சூப்பிரண்டு ஐயாகிட்ட போயி, மேடம் ஊர்ல இல்லாத மூணு நாளைக்கு யாருன்னு கேட்டு, ஐயா கைப்பட எழுதி வாங்கியாச்சு. உங்ககிட்ட சொன்னா பயணத்த ரத்து பண்ணிருவிய. அதான் சொல்லல."

போனான் பாரு. கதவோரம் நிக்கிற பீர்முகமது, சூப்பிரண்டு ரூமுக்குத் தனியா போயி, அந்த ரூம்ல இவளே ரெண்டு தடவை மூச்சை இழுத்து விட்டுட்டுத்தான் நுழைவா, அங்க போயி நின்னு கேட்டு வாங்கியிருக்கான். முதல்ல சுருக்குன்னுதான் இருந்துச்சு. நம்ம முதுகுக்குப் பின்னாடி, நம்ம ப்ரோகிராமை, நம்ம ஆளுங்களே. அந்தச் சுருக்கு ஒரு ரெண்டு மூச்சு இருந்திருக்கும். அப்புறம் அது எங்க போச்சுன்னு தெரியல, அந்த இடத்துல சூடா ஏதோ ஊறுது, கண்ணுக்கு வருது, இவங்க நம்மளைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்காங்க, நம்ம பயத்தைப் பத்தி நம்மளை விட நல்லா தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதைச் சொல்லிக் காட்டாம, அதைச் சுத்திக்கிட்டு போயி வேலையை முடிச்சு வச்சிருக்காங்க, இதுக்கு என்ன பேரு சார், இருபத்தாறு ஸ்லைடுல இதுக்கு எது. பீர்கிட்ட கொடு ஜெபான்னா. தட்டுமுட்டுச் சத்தம், யாரோ ஆக்சிஜன் கேக்கறாங்க, அப்புறம் அவன் குரல், அதே மெல்லிசு, ஆனா வேகமா. மங்கை வாயைத் திறந்தா. கேக்கறதுக்கு எட்டு விஷயம் வரிசையா நின்னுச்சு, ரத்தம் ஒத்துப்போகுதான்னு பார்க்க அனுப்பியாச்சா, கடைசி டயாலிசிஸ் எப்ப, தியேட்டர் எத்தனை மணி, ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சா.

"மேடம், எல்லாம் ஓடுது. இப்ப பேச நேரமில்ல, வச்சிடறேன்."

வச்சுட்டான்.

அவ டைரக்டரானதுல இருந்து, அவளுக்கு முன்னாடி ஃபோனை வச்ச முதல் ஆளு. ரோஜா கட்டிக்கிட்டிருந்தவர் ஏறிட்டுப் பார்த்தாரு, இந்தம்மா அழுவுதா சிரிக்குதான்னு அவருக்குப் புரியல, நாரைக் கடிச்சுக்கிட்டே ஒரு ரோஜாவை நீட்டுனாரு, தெரியாத பொம்பளைக்குக் கொடுக்கறோமேன்னு பாதியில யோசிச்சு, தலையில வச்சுக்கங்கம்மான்னு சேர்த்துக்கிட்டாரு. வச்சுக்கிட்டா. திருநெல்வேலியில ஸ்டீல் நாற்காலியில இருக்கறவளை நினைச்சா, அங்க இன்னிக்குத் தலையில இருந்து பூவை எடுப்பாங்க, எடுக்கறப்ப கூட அவளுக்குத் தெரியாது, நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்டக்டர் கட்டில்ல படுத்துக்கிட்டு உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டு வெளிய ஜோக்கடிச்சுக்கிட்டிருப்பாருன்னு. ஆபரேஷன் நல்லா நடக்கணும். நடக்கும்னு யாரும் சொல்ல முடியாது. ரெண்டு புள்ளி ஒண்ணு, நாலஞ்சு நாள் மூத்திரம் வராமக் கூட போகலாம், எல்லாரும் பீரைத் திரும்பிப் பார்ப்பாங்க. பார்க்கட்டும். அவன் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம், உக்காரத்தானே சம்பளம். இப்ப செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. செய்யறதுக்கு ஒண்ணுமில்லங்கறது எவ்வளவு பெரிய சாமான், ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும் போல இருந்துச்சு. குக்கர் வெயிட் ரெண்டாவது டிராயர்ல கரண்டிக்கு அடியிலன்னு வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டு, உள்ள போனா.

மூணரைக்குக் கூடை சுத்தி வந்துச்சு. ஃபோனைக் கையில வாங்குனதும் அத்தனை மூஞ்சியிலயும் வெளிச்சம். ஆக நண்பர்களே, எத்தனைன்னாரு ரகோத்தமன். ஒவ்வொருத்தரா எந்திரிச்சாங்க. வேலூர் ஒம்பது. திருச்சி பதினாலு, அதுல ஆறு எமர்ஜென்சி, எமர்ஜென்சின்னு சொல்றப்ப குரல்ல ஒரு சுதி ஏறுச்சு. சேலம் பத்தொம்பது. எண்ணிக்கை ஏற ஏற ஆளுங்க நிமிர்ந்து நின்னாங்க, குறைவா வந்தவங்க வாட்ஸப்பையும் சேர்த்துச் சொன்னாங்க. பழனிவேலப்பன் இருபத்தேழு, ஹாலே ஓன்னுச்சு, அவர் வேட்டியை மடிச்சுக் கட்டுற மாதிரி பேண்டைத் தூக்கி விட்டுக்கிட்டு உக்காந்தாரு. மங்கை எந்திரிச்சா. எல்லாரும் அவ வாயையே பார்த்தாங்க, யாரு குரல்ல என்ன சொல்லப் போறாளோன்னு.

"ஒண்ணும் இல்ல சார். ஒரு கால் கூட வரல. கிட்னி வந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க."

ரகோத்தமன் பேனாவை அமுக்க மறந்துட்டாரு. ஹால்ல யாருக்கும் என்ன பண்றதுன்னு தெரியல, கை தட்டறதா பரிதாபப்படறதான்னு. பழனிவேலப்பன் அவ பக்கமா குனிஞ்சாரு, நிஜமான கவலையோட, ரகசியம் மாதிரி.

"ஏனுங்க மேடம், ஃபோன்ல சார்ஜு தீந்து போச்சுங்களா?"

மங்கை ஃபோனைத் திருப்பிப் பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா.

"தொண்ணூத்திரெண்டு பர்சன்ட் இருக்கு சார்," ன்னா.